கை நடுக்கத்தைப் பதிவு செய்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வாரம் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர், நோயாளியைக் கை நீட்டச் சொல்லிவிட்டுப் பத்தே வினாடியில் பதிவை நிறுத்தினார். எனக்குச் சுருக்கென்றது. நான் செய்த அதே வேலை. கையின் அசைவை அளக்கும் சென்சாரைத் தலைகீழாக ஒட்டுவது, பேட்டரி தீர்வது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அவசரமாக நிறுத்துவது

எழுபது வயதுப் பெரியவர். மடியில் வைத்த வலது கை விடாமல் ஆடியது, 5 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு ஐந்து தடவை. கையை முன்னால் நீட்டச் சொன்னேன். திரையில் நேர்கோடு. பத்து வினாடி பார்த்துவிட்டு வயரைப் பிடுங்கினேன். "நீட்டினால் நடுக்கம் இல்லை" என்று எழுதியும் விட்டேன். அவர் மனைவிதான், "தம்பி, இப்பப் பாருங்க" என்றார். இன்னும் இறக்காத அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. டம்ளரைப் பிடித்தாலும் கொஞ்ச நேரம் கழித்து இப்படித்தானாம். வாசலில் அடுத்த நோயாளி. பெரியவர் இன்னொரு நாள் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தார்.

பார்கின்சன் நோயில், கை சும்மா இருக்கும்போது வரும் ஓய்வு நடுக்கம், கையை நீட்டியதும் அடங்கும். சில வினாடிகள் கழித்து, பெரும்பாலும் அதே அதிர்வெண்ணில் திரும்பும். எசென்ஷியல் ட்ரெமர், அதாவது கையை நீட்டும்போதும் வேலை செய்யும்போதும் வரும் வேறொரு நடுக்க நோய், நீட்டியவுடனே ஆரம்பித்துவிடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவதே நடுவில் வரும் அந்த அமைதிதான். ஒரு நிமிடமாவது ஓடவிடுங்கள். ஓடவிட்ட பிறகு முழு நிமிடத்துக்கும் ஒரே ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு வலு என்று காட்டும் படம்) போட்டு, அந்த அமைதியைக் கரைத்துவிடுகிறவர்களும் உண்டு. அதுதான் இன்னும் எரிச்சல்.

நிலநடுக்கக்காரர்களுக்கும் இதே பாடம்தான். காற்று இரைச்சல் போல மங்கலாகத் தெரிந்த அதிர்வுகளை, பல நிலையங்களின் பதிவுகளை மணிக்கணக்கில் சேர்த்துப் பார்த்து, அவை தென்மேற்கு ஜப்பானுக்கு அடியில் சுமார் 30 கி.மீ. ஆழத்திலிருந்து வருகின்றன என்று 2002இல் காட்டினார் ஜப்பானிய ஆய்வாளர் கசுஷிகே ஒபாரா. பத்து வினாடித் துண்டில் அது வெறும் இரைச்சல்.

ஓய்வில்லாத ஓய்வு

கை மடியில் முழுதாகச் சாய்ந்திருக்க வேண்டும். விரல் அந்தரத்தில் நின்றாலே தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்புறம், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லுங்கள். ஒளிந்திருக்கும் நடுக்கம் பல சமயம் அப்போதுதான் தலைகாட்டும்.

இரண்டு முகடு இருந்தால் இரண்டு நடுக்கமா?

ஸ்பெக்ட்ரத்தில் 5 ஹெர்ட்ஸிலும் 10 ஹெர்ட்ஸிலும் முகடு இருந்தால், முதலில் இரட்டிப்பைச் சந்தேகியுங்கள்: ஒரே நடுக்கம் தன் இரு மடங்கு அதிர்வெண்ணிலும் முகடு காட்டலாம்.

அதிர்வெண்ணை மட்டும் வைத்து நோய்ப் பெயர் சொல்வது

பார்கின்சன் ஓய்வு நடுக்கம் 4–6 ஹெர்ட்ஸ், எசென்ஷியல் 4–12. ஒன்றுக்குள் ஒன்று கிடக்கிறது. வேறென்ன சொல்ல?

எடை வைக்க மறப்பது

அரைக் கிலோ மணல் பையைப் புறங்கையில் கட்டி மறுபடி பதியுங்கள். அதிர்வெண் இறங்கினால், அது எல்லோருக்கும் இருக்கும் சாதாரண நடுக்கமாக இருக்கலாம். மூளையிலிருந்து வரும் தாளம் பெரும்பாலும் இறங்காது. பையை முழங்கைப் பக்கம் கட்டிவிட்டு மாற்றமே இல்லை என்று வந்து நிற்காதீர்கள்.