செஸ் பழக ஆரம்பித்திருக்கிறீர்களா? முதலில் காயைச் சும்மா கொடுப்பதை நிறுத்துங்கள்

முதல் ஒரு வருஷத்தில் நீங்கள் தோற்ற ஆட்டங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பாருங்கள். ஓபனிங் (ஆட்டத்தின் முதல் சில நகர்வுகளுக்கான வரிசை) தெரியாததால் தோற்றது என்று ஒன்றிரண்டு தேறினாலே அதிகம். மீதி எல்லாம் ஒரே கதைதான். எதிராளியின் மந்திரி குறிவைத்திருக்கிற கட்டத்தில் குதிரையைக் கொண்டுபோய் வைத்திருப்பீர்கள், அல்லது வெட்டுப்பட இருந்த யானையைக் கவனிக்காமல் அந்தப் பக்கம் ஒரு சிப்பாயைத் தள்ளியிருப்பீர்கள், அல்லது ராணியையே கொடுத்திருப்பீர்கள். ஆனால் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போனதும் எல்லாரும் செய்வது என்னவென்றால், யூடியூபைத் திறந்து லண்டன் சிஸ்டம், சிசிலியன் என்று ஓபனிங் பெயர்களைத் தேடி, பத்து நகர்வு வரைக்கும் மனப்பாடம் செய்வதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிரே உட்காருகிற பையன் மூன்றாவது நகர்விலேயே வீடியோவில் இல்லாத எதையாவது ஆடுவான், மனப்பாடம் அங்கேயே முடிந்துவிடும், அப்புறம் பழையபடி குதிரை போகும்.

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் சனி, ஞாயிறுகளில் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள்தான் அதிகம், தறி வேலை முடித்துவிட்டு வருகிற பெரியவர்களும் உண்டு. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஒரு கூட்டம் வந்தது, 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது இன்னொரு கூட்டம். வயது வேறு, ஆர்வம் வேறு, செய்கிற தவறுகள் மட்டும் ஒரே மாதிரி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலான தவறு, எதிராளி இப்போது ஆடிய நகர்வைப் பார்க்காமல் நம் திட்டத்தையே தொடர்வது. அவர் கையை எடுத்ததும் நம் கை காய்க்குப் போய்விடுகிறது. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்டே ஆகவேண்டும். இந்த நகர்வால் அவருக்கு இப்போது எதை வெட்ட முடியும்? நான் நினைத்திருக்கிற நகர்வை ஆடினால் என் காய் எதாவது காவல் இல்லாமல் நிற்குமா? இவ்வளவுதான். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, பதினெட்டு வளைவுக்கு ஹார்ன் அடித்துவிட்டு மீதி இரண்டுக்கு அடிக்காமல் யாரும் திரும்ப மாட்டார்கள் இல்லையா, அதே மாதிரிதான் இதுவும், ஒவ்வொரு நகர்வுக்கும் கேட்க வேண்டும், ஜெயித்துக்கொண்டிருக்கும்போதும் கேட்க வேண்டும். சொல்லப்போனால் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலும் காய் போகிறது, ஏனென்றால் மனசு அப்போது கோப்பையைப் பார்க்கப் போய்விடுகிறது.

நாலு நகர்வு மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். (மேட் என்றால் ராஜா தப்பவே முடியாத செக். கட்டங்களுக்கு வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை எழுத்து, வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்.) வகுப்புக்கு வருகிற புதுப் பிள்ளைகளில் பாதிப் பேர் இதை எங்கேயோ கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5, உடனே வெள்ளை ராணி எச்5-க்கு வந்துவிடும். ராணியைப் பார்த்ததும் கறுப்புக்குப் பதற்றம், விரட்ட வேண்டும் என்று ஜி6-ல் சிப்பாயை வைப்பான். அவ்வளவுதான், ராணி ஈ5 சிப்பாயை வெட்டிச் செக் கொடுக்கும், அதே ராணி எச்8 யானையையும் பார்த்துக்கொண்டிருக்கும், செக்கை மறைத்தால் யானை போச்சு. இங்கே ராணி வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி 'இது எதைக் குறிவைக்கிறது?' என்பதுதான். ஈ5 சிப்பாயை. சரி, குதிரையைச் சி6-ல் வைத்து அதைக் காப்பாற்று. அடுத்து மந்திரி சி4-க்கு வரும். மறுபடியும் அதே கேள்வி. இப்போது ராணியும் மந்திரியும் சேர்ந்து எஃப்7-ஐப் பார்க்கின்றன, அடுத்து மேட். இப்போதுதான் ஜி6 நல்ல நகர்வு. ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி எஃப்7-ஐக் குறிவைக்கும், நீங்கள் குதிரையை எஃப்6-ல் வைத்து வழியை அடைத்துவிடலாம். கணக்குப் பார்த்தால் வெள்ளை ராணி இரண்டு தடவை அலைந்திருக்கிறது, உங்கள் இரண்டு குதிரையும் வெளியே வந்துவிட்டன. ஒரே ஜி6, ஒரு நகர்வு முன்னால் ஆடினால் யானை போகும், பின்னால் ஆடினால் ஆட்டம் நம் பக்கம். இதை எந்த மனப்பாடமும் சொல்லித் தராது, எதிராளியின் நகர்வைப் பார்த்தால் மட்டும்தான் தெரியும்.

இதே காரணத்தால்தான் ராணியைச் சீக்கிரம் வெளியே கொண்டுவராதீர்கள் என்று சொல்வது. சின்னக் காய்கள் எல்லாம் அதை விரட்டிக்கொண்டே தங்கள் இடத்துக்கு வந்துவிடும். இன்னொன்று, யானையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. ஏ4 ஆடி, அடுத்து யானையை ஏ3-க்குக் கொண்டுவருவார்கள், எதிராளி ஈ5 ஆடியிருந்தால் எஃப்8 மந்திரிக்கு அந்தக் கோடு முழுக்கத் திறந்திருக்கும், வந்து வெட்டிவிடும். திருப்பி வெட்டினாலும் ஐந்து புள்ளிக் காயைக் கொடுத்து மூன்று புள்ளிக் காயை வாங்கியதாகத்தான் கணக்கு. முதல் பத்து நகர்வுக்கு இது போதும்: நடுக்கட்டங்களில் சிப்பாய், குதிரையும் மந்திரியும் வெளியே, ராஜாவுக்குக் காஸ்லிங் (ராஜாவை இரண்டு கட்டம் யானைப் பக்கம் நகர்த்தி, யானையை அதற்கு மறுபக்கம் வைக்கிற ஒரே நகர்வு). ஒரே காயை இரண்டு தடவை நகர்த்த வேண்டியிருந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும்.

புள்ளிக்கணக்கை அப்படியே நம்புவதும் தவறுதான். சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி 3, யானை 5, ராணி 9 என்று எல்லாருக்கும் தெரியும். காஸ்லிங் செய்த ராஜாவின் மேல் பாய வேண்டும் என்று குதிரையை ஜி5-க்கும் மந்திரியைச் சி4-க்கும் கொண்டுவந்து, எஃப்7-ல் குதிரையால் வெட்டி, யானை வெட்ட, மந்திரியால் அந்த யானையை வெட்டி, ராஜா மந்திரியை வெட்டி முடிந்ததும், ஆறு கொடுத்தேன் ஆறு வாங்கினேன், சரியாகப் போச்சு என்பார்கள். சரியாகப் போகவில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் குதிரையும் மந்திரியும் சேர்ந்து செய்கிற வேலையை ஒரு யானையும் ஒரு சிப்பாயும் செய்ய முடியாது, யானைக்கு நடமாட வழியே அப்போது திறந்திருக்காது. இதைச் சும்மா சொன்னால் யாரும் நம்புவதில்லை, அந்த நிலையிலிருந்து நாலு ஆட்டம் ஆடிப் பார்த்தால் நம்புவார்கள். காய் மாற்றுவதற்கு ஒரே ஒரு எளிய வழிகாட்டி சொல்கிறேன்: காய்க் கணக்கில் நீங்கள் முன்னால் இருந்தால் காய்களை மாற்றுங்கள், பின்னால் இருந்தால் மாற்றாதீர்கள்.

காஸ்லிங் செய்துவிட்டால் ராஜா பத்திரம் என்று மறந்துவிடுவதும் வழக்கமாகப் பார்ப்பது. முன்னால் மூன்று சிப்பாயும் நகராமல் நிற்கும், யானை நடுவே எங்கோ போயிருக்கும், எதிராளியின் யானை கடைசி வரிசைக்கு இறங்கும், மேட். சமயம் கிடைக்கும்போது எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஜன்னல் திறந்து வைத்துவிடுங்கள். ஆனால் ஆட்டம் ஆரம்பித்த இரண்டாவது நகர்விலேயே அதைச் செய்ய வேண்டாம், அது ஒரு நகர்வு வீண்.

இனி ஜெயித்த ஆட்டத்தை டிரா செய்வது. இதுதான் பிள்ளைகளை அழவைக்கிறது. ஒரு ராணி மீதி, எதிரே தனி ராஜா, கேட்டால் 'ஜெயிச்சாச்சு சார்' என்று சொல்லிக்கொண்டே செக், செக், செக் என்று பத்து நிமிஷம் துரத்துவார்கள். கடைசியில் ராஜா எச்8 மூலைக்குப் போகும், இவன் ராணியை ஆசையாக ஜி6-க்கோ எஃப்7-க்கோ கொண்டுவந்து வைப்பான். எதிராளிக்கு நகர ஒரு கட்டம்கூட இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், ஆளுக்கு அரைப் புள்ளி. இதைத் தவிர்க்க, ராஜாவைத் துரத்தாமல் அடைத்துப் பழகுங்கள். கறுப்பு ராஜா எச்8-ல் நிற்கும்போது உங்கள் ராணி ஈ7-ல் நின்றால் போதும். அந்த ராஜா எச்8, ஜி8 என்று இரண்டே கட்டத்துக்குள் போய் வந்துகொண்டிருக்கும், வெளியே வரவும் முடியாது, ஸ்டேல்மேட்டும் ஆகாது. இனி ராணியைத் தொடாதீர்கள். உங்கள் ராஜாவை ஒவ்வொரு கட்டமாக நடத்தி ஜி6-க்குக் கொண்டுவாருங்கள், எத்தனை நகர்வு ஆனாலும் பரவாயில்லை. வந்து சேர்ந்ததும் ராணியை ஈ8-ல் வையுங்கள், எதிராளி ஜி8-ல் இருந்தாலும் எச்8-ல் இருந்தாலும் மேட். ஒரு மாலை உட்கார்ந்து வீட்டில் யாரையாவது தனி ராஜாவோடு உட்காரவைத்து இதையே திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள், அதன்பிறகு வாழ்நாளுக்கும் மறக்காது.

எண்ட்கேம் (காய்கள் குறைந்துபோன ஆட்டத்தின் கடைசிப் பகுதி) எல்லாம் பெரிய ஆட்டக்காரர்களுக்கு என்று நினைப்பவர்கள் குகேஷ் பட்டம் வென்ற ஆட்டத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 14-வது ஆட்டம், டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்வில் எதிரே ஆடிய டிங் லிரென் யானையை எஃப்2-ல் வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். குகேஷ் யானையை மாற்றினார், அடுத்து மந்திரியையும் மாற்றவைத்தார். மீதி இருந்தது ராஜாக்களும் சிப்பாய்களும்தான், குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அது போதுமானதாக இருந்தது. 18 வயதில் உலக சாம்பியன் பட்டம், முடிவு செய்தது ராஜா-சிப்பாய்க் கணக்கு. அந்தக் கணக்கில் புதியவர்களுக்குத் தேவையானது கொஞ்சம்தான். உங்கள் ராஜா சிப்பாய்க்கு முன்னால் போக வேண்டும், பின்னால் தள்ளிக்கொண்டு வரக்கூடாது. சிப்பாய் ஐந்தாம் வரிசையிலும் ராஜா அதற்கு முன்னால் ஆறாம் வரிசையிலும் வந்துவிட்டால், ஓரச் சிப்பாயாக இல்லாதவரை, யார் நகர்த்தும் முறையாக இருந்தாலும் வெற்றிதான்.

வீட்டு விதிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாத்தா, மாமாவிடம் பழகி வருகிறவர்கள் ஆரம்பத்தில் இரண்டு சிப்பாயை ஒவ்வொரு கட்டம் நகர்த்துவார்கள், கடைசி வரிசைக்குப் போன சிப்பாய்க்கு வெட்டுப்பட்ட காய்தான் கிடைக்கும் என்பார்கள். ஆர்வத்தை ஊட்டியவர்கள் அவர்கள்தான், அந்த நன்றி எப்போதும் இருக்க வேண்டும், ஆனால் போட்டியில் இது எதுவும் கிடையாது. ராணி கையில் இருக்கும்போதே இரண்டாவது ராணியும் எடுக்கலாம். போர்டை வைக்கும்போது வலது கைப்பக்க மூலை வெள்ளைக் கட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள், ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும். போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும், எதிராளியின் காயைத் தொட்டால் வெட்டியே ஆக வேண்டும். காஸ்லிங் செய்யும்போது முதலில் ராஜாவைத் தொடுங்கள், யானையைத் தொட்டுவிட்டால் அந்த யானையோடு அந்த நகர்வில் காஸ்லிங் கிடையாது. வீட்டில் 'ஐயோ, திரும்ப வச்சுக்கறேன்' என்று பழகிய கைக்கு இதெல்லாம் கஷ்டம், அதனால் வீட்டிலும் தொட்டால் ஆடு என்றே பழக்குங்கள்.

எதிராளி 'மேட்' என்று சொன்னால் உடனே கைகொடுத்துவிடாதீர்கள். செக் கொடுக்கிற காயை வெட்ட முடியுமா, நடுவில் மறைக்க முடியுமா, ராஜா நகர முடியுமா என்று மூன்றையும் பாருங்கள். மேட்டே இல்லாத இடத்தில் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அழுகிற பிள்ளைகளைப் பார்க்கவே முடிவதில்லை. சந்தேகம் என்றால் கையைத் தூக்கி ஆர்பிட்டரை, அதாவது போட்டி நடுவரைக் கூப்பிடுங்கள், அதற்குத்தான் அவர் இருக்கிறார்.

அப்புறம் போன். நாள் முழுக்க மூன்று நிமிஷ ஆட்டம், ஒரு நிமிஷ ஆட்டம் என்று ஆடுவதால் கை வேகம் வரும், யோசிக்கிற பழக்கம் போய்விடும். மேலே சொன்ன இரண்டு கேள்வியையும் ஒரு நிமிஷ ஆட்டத்தில் எந்தப் புதியவராலும் கேட்க முடியாது, கேட்காமல் ஆடுவதே பழக்கமாகிவிடும். 15 நிமிஷமும் நகர்வுக்கு 10 விநாடியும் வைத்து ஒரு ஆட்டம் ஆடினால், அது இருபது பிளிட்ஸ் (அவசர) ஆட்டத்தை விட உருப்படியானது. பசில் (ஒரு நிலையைக் கொடுத்து நல்ல நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்கிற புதிர்) போடுவதிலும் இதே கதை, இது வந்தால் அது என்று முழுக்கப் பார்க்காமல் ஊகித்து விரலை வைத்து, தப்பானால் அடுத்ததற்குப் போவது. ஒரு பசிலை உண்மையான போர்டில் அடுக்கி வைத்து, விடையை எழுதிவிட்டு, அப்புறம் சரிபாருங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) எப்போது வரும் என்று முதல் மாதத்திலேயே கேட்காதீர்கள். 2024 மார்ச்சிலிருந்து உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கே 1400-ல்தான் தொடங்குகிறது, அதற்குக் கீழே பட்டியலில் இடம் இல்லை. காயைச் சும்மா கொடுப்பதை நிறுத்தாத பிள்ளையை ஊர் ஊராகப் போட்டிக்கு அழைத்துப் போவதால் பஸ் செலவும் நுழைவுக் கட்டணமும்தான் ஆகும். போட்டி முடிந்து வெளியே வந்ததும் 'ஜெயிச்சியா?' என்று கேட்பதற்குப் பதில் 'நோட்டேஷனைக் காட்டு' என்று, ஆடிய நகர்வுகளை எழுதிய காகிதத்தைக் கேளுங்கள். குழந்தை பயப்படாமல் காட்டும்.

அந்தக் காகிதம்தான் உங்களிடம் இருக்கிற நல்ல வாத்தியார். அன்று இரவே போர்டில் அடுக்கிப் பாருங்கள், கம்ப்யூட்டரைத் திறக்காமல். முதல் காய் எந்த நகர்வில் போனது என்று கண்டுபிடித்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள், பக்கத்தில் அதற்கு முந்தைய எதிராளி நகர்வு எதைக் குறிவைத்தது என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் கம்ப்யூட்டரிடம் கேளுங்கள். பத்துப் பதினைந்து காகிதம் சேர்ந்ததும் வட்டங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள், ஒருவருக்குக் குதிரை ஃபோர்க்காகவே (ஒரே குதிரை இரண்டு காயைக் குறிவைப்பது) இருக்கும், இன்னொருவருக்குத் தூரத்து மந்திரியாகவே இருக்கும், அடுத்த மாதம் எந்தப் பசிலைப் போட வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.