மக்கள் தொடர்பு வேலை, வலைப்பதிவு, பைக் பயணம்: மூன்றும் முட்டிக்கொள்ளாமல் நடத்தும் முறை

மக்கள் தொடர்பு வேலையில் இருப்பவரின் நேரம் பாதி அவர் கையில் இல்லை. நிருபர் எப்போது அழைப்பார், கிளையன்ட் எப்போது தலைப்பை மாற்றச் சொல்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பைக் பயணமும் அப்படித்தான். வெளிச்சம், மழை, உடம்பின் களைப்பு மூன்றும் சேர்ந்து அதன் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. நம் இஷ்டத்துக்கு வளைவது வலைப்பதிவு ஒன்றுதான். அதனால் வாரத்தை மூன்று சமபங்காகப் பிரிக்க வேண்டாம். வேலைத் தேதிகளை முதலில் குறியுங்கள், அவற்றின் இடைவெளியில் பயணத்தைப் பொருத்துங்கள், எழுத்தை மிச்ச நேரத்தில் வையுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசைப்படியே போகின்றன.

படி 1: பன்னிரண்டு வார நாட்காட்டி

ஒரு தாளிலோ போனிலோ அடுத்த 12 வாரங்களை விரித்து வையுங்கள். நகர்த்த முடியாத வேலைகளைச் சிவப்பில் குறியுங்கள்: பொருள் அறிமுகம், காலாண்டு முடிவுகள், செய்தியாளர் சந்திப்பு, எம்பார்கோ (குறித்த நேரம் வரை செய்தியை வெளியிடக் கூடாது என்ற தடை) விலகும் நேரம். ஒவ்வொன்றுக்கும் முந்தைய 2 நாட்களும் பிந்தைய 1 நாளும் சிவப்புதான். பிந்தைய நாளைத்தான் புதிதாக வருபவர்கள் விட்டுவிடுகிறார்கள். செய்தி வெளியான மறுநாள்தான் திருத்தம் கேட்டும், கூடுதல் படம் கேட்டும், எண்ணிக்கை ஏன் இடிக்கிறது என்று கேட்டும் அழைப்புகள் வரும்.

சிவப்பு படாத நாட்களில் மாதத்துக்கு ஒரு முழுநாள் பயணமும் ஓர் அரைநாள் பயணமும் போதும். இரண்டுக்கும் ஒவ்வொரு மாற்றுத் தேதி இப்போதே எழுதிவிடுங்கள். மாற்றுத் தேதி இல்லாத பயணத்தை ரத்து செய்ய மனசு வராது. மழையிலும் தூக்கக் கலக்கத்திலும் கிளம்பிவிடுவோம்.

படி 2: வேலைக்கும் வலைப்பதிவுக்கும் நடுவே சுவர்

முதல் பதிவுக்கு முன்பே உங்கள் பணி ஒப்பந்தத்தில் வெளியே எழுதுவது பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. கிளையன்ட்டைப் பற்றியும் அவர்களின் போட்டியாளரைப் பற்றியும் எழுதவே கூடாது, பாராட்டாக இருந்தாலும். கிளையன்ட் கொடுத்த ஜாக்கெட்டையோ வண்டியையோ பயன்படுத்தினால் பதிவின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வரியில் சின்ன எழுத்தில் சொன்னால், மறைக்கப் பார்த்ததாகவே வாசகருக்குத் தோன்றும்.

‘இவை என் சொந்தக் கருத்துகள்’ என்ற வரியை நம்பி இருக்க வேண்டாம். உங்களை நிறுவனத்தின் குரலாக அறிந்த நிருபர், உங்கள் பதிவையும் அப்படியே படிப்பார். படங்களிலும் கவனம் வேண்டும்: மேசையில் திறந்திருக்கும் லேப்டாப் திரை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, இன்னும் அறிவிக்காத ஆலையின் வாசல். பங்குச் சந்தையில் இருக்கும் கிளையன்ட் என்றால், வெளிவராத ஒரு தகவல் கசிவதே சட்டச் சிக்கலாக மாறலாம்.

படி 3: ஒரு பக்க ஒப்படைப்புக் குறிப்பு

மூன்றையும் தாங்குவது இந்தப் படிதான். பயணத்துக்கு முந்தைய மாலை, உங்கள் இடத்தில் இருந்து பார்க்கப்போகும் சக ஊழியருக்கு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்:

• பதில் காத்திருக்கும் நிருபர்கள், ஒவ்வொருவரின் கெடு நேரம்
• எந்த விஷயத்துக்கு நிறுவனத்தின் சார்பில் யார் பேசுவார், அவர் எண், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர்
• இறுதி செய்யப்பட்ட கோப்புகள் எங்கே உள்ளன, எது பழைய வரைவு
• நீங்கள் போன் பார்க்கும் மூன்று நேரங்கள். உதாரணம்: 10:30, 1:30, 4:30
• சிக்னல் இல்லாத பகுதி, அதில் இருக்கப்போகும் நேரம்

இதோடு, எதிர்பாராத சம்பவம் ஏதாவது நடந்தால் உடனே கொடுக்க ஓர் இடைக்கால அறிக்கையும் தயாராக இருக்க வேண்டும். இப்படி: “சம்பவம் குறித்த தகவல் எங்களுக்கு வந்துள்ளது. விவரங்களைச் சரிபார்த்து வருகிறோம். இன்று மாலை 5 மணிக்குள் அடுத்த தகவலைத் தருவோம்.” மூன்றே வாக்கியம். காரணமோ எண்ணிக்கையோ பழியோ இதில் கிடையாது. முதல் ஒரு மணி நேரத்தில் இவை மூன்றுமே தப்பாகப் போகக்கூடியவை. ஆனால் கடைசி வாக்கியத்தில் உள்ள நேரம் ஒரு வாக்குறுதி. 5 மணிக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லையென்றாலும், ‘இன்னும் சரிபார்க்கிறோம்’ என்றாவது 5 மணிக்குச் சொல்லியாக வேண்டும்.

1906-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரயில் விபத்துக்குப் பின், மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடியான ஐவி லீ ரயில்வே நிறுவனத்தின் சார்பில் பத்திரிகைகளுக்குக் கொடுத்த அறிக்கையைத்தான் பலர் முதல் செய்திக்குறிப்பு என்கிறார்கள். இந்தத் தொழிலின் அடிப்படைக் கருவியே எதிர்பாராத ஒரு விபத்தையொட்டிப் பிறந்தது என்பதை நினைவில் வைத்தால், ‘ஒரு நாள்தானே, எதுவும் நடக்காது’ என்று குறிப்பு எழுதாமல் கிளம்பத் தோன்றாது.

இன்னொன்று. பயண நாளில் எந்தச் செய்திக்குறிப்பையும் தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைக்காதீர்கள். எம்பார்கோ மாறினால் நிறுத்த நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் வலைப்பதிவுக்கும் சமூக ஊடகத்துக்கும் இது பொருந்தும். கிளையன்ட்டிடம் பெரும் விபத்து நடந்த நேரத்தில், அவர்களின் தொடர்பாளர் பக்கத்தில் மலை உச்சியில் சிரிக்கும் படம் தானாக வெளியானால், அது காயப்பட்டவர்களுக்கு இன்னொரு வலி.

படி 4: தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

வரைபடச் செயலி காட்டும் நேரம் பெரும்பாலும் காருக்கானது; பைக்குக்கான நேரத்தைக் காட்டினாலும், படம் எடுக்க நிற்பதை அது கணக்கில் எடுக்காது. புதியவருக்கு ஒரு நாளில் 150 முதல் 200 கி.மீ. போதும். கணக்கு இப்படி: மொத்தம் 160 கி.மீ., அதில் சமவெளி 90, மலைப்பாதை 70 என்று வையுங்கள். சமவெளியில் சராசரி 50 கி.மீ. வேகம் என்றால் 108 நிமிடம். மலையில் சராசரி 30 என்றால் 140 நிமிடம். படத்துக்கு ஆறு நிறுத்தம், தலா 10 நிமிடம், ஆக 60. சாப்பாட்டுக்கு 45, பெட்ரோலுக்கு 15. மொத்தம் 368 நிமிடம். இதன் மேல் 20 சதவீதம் சேர்த்தால் சுமார் 7 மணி 20 நிமிடம். சூரியன் 6:15-க்கு மறைகிறது என்றால் 5:15-க்கு வீட்டில் இருக்க வேண்டும். அப்படியானால் கிளம்ப வேண்டிய கடைசி நேரம் காலை 9:50. ஏழு மணிக்கே கிளம்பினால் நடுவில் ஒரு கிளையன்ட் அழைப்பு அரை மணி நேரம் தின்றாலும் பதற்றம் வராது.

திசையையும் பாருங்கள். காலையில் மேற்கு நோக்கிப் போய் மாலையில் கிழக்கு நோக்கித் திரும்பினால், இரண்டு வேளையும் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண் கூசாது, படமும் தெளிவாக வரும். ஆனால் எதிரே வருபவரின் கண்ணில் அதே வெயில் அடிக்கும். உங்களை அவர் பார்க்காமல் போகலாம். ஹெட்லைட்டை எரியவிட்டு, எதிரே வருபவர் உங்களைக் கவனிக்காமல் குறுக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு ஓட்டுங்கள்.

படி 5: முந்தைய மாலை, 15 நிமிட வண்டிச் சோதனை

டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும், அதாவது வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் காலையில் குறைவான காற்றோடு கிளம்புவீர்கள். அளவு வண்டியின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும்.

செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துத் தொய்வைப் பாருங்கள். பல சாலை வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. இருக்கும், உங்கள் கையேடு சொல்வதே இறுதி. அதிகம் இறுக்கினால் பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகி பேரிங்கைத் தின்னும். தொய்ந்தால் பல்சக்கரத்திலிருந்து கழன்றுவிடலாம். செயின் எண்ணெயை மட்டும், மாலை வண்டி வந்து நின்றதுமே சூட்டோடு அடித்துவிடுங்கள்; டயர் காற்றை வண்டி ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் அடித்துவிட்டு உடனே கிளம்பினால் அது பின் டயரில் தெறிக்கும். முதல் வளைவிலேயே சறுக்கல் காத்திருக்கும்.

பிரேக் பேடின் தடிமன், பிரேக் ஆயிலின் அளவு, எல்லா விளக்குகள், என்ஜின் ஆயில் ஆகியவற்றைச் சட்டென்று பார்த்துவிடலாம். ஆயிலை மட்டும் வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதனால்தான் இறக்கத்தில் குறைந்த கியரில் வந்து, பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

பதிவுக்குப் படம் எடுக்கும் போனை ஹாண்டில்பாரில் நேரடியாக மாட்டாதீர்கள். பைக் என்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் மவுன்ட் வாங்குங்கள், இல்லையென்றால் போன் ஜாக்கெட் பையில் இருக்கட்டும்.

படி 6: சாலையில்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. ஹெல்மெட் இன்டர்காமில் கிளையன்ட் தலைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கண் சாலையில் இருக்கும், மனசு தலைப்பில் இருக்கும். ஓட்டும்போது எந்த அழைப்பும் வேண்டாம். சொன்ன மூன்று நேரங்களில் மட்டும், வளைவு இல்லாத, இரு பக்கமும் 100 மீட்டராவது தெரிகிற இடத்தில், சாலையை விட்டு முழுதாக விலகி நிறுத்துங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். கோபமூட்டும் அழைப்பாக இருந்தால் அது முடிந்து பத்து நிமிடம் கழித்தே சாவியைத் திருப்புங்கள்.

நிற்கும் இடத்தில் மூன்று படம்: தூரத்துக் காட்சி, வண்டியோடு சாலை, கையருகே ஒரு நுணுக்கம். பிறகு ஒரு நிமிடக் குரல் குறிப்பு: கி.மீ. எண், சாலையின் நிலை, கடைசி பெட்ரோல் எத்தனை கி.மீ. முன்னால் கிடைத்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் இவை எதுவும் நினைவில் இருக்காது.

படி 7: பதிவை 48 மணி நேரத்துக்குள் வரைவாக்குங்கள்

திரும்பிய இரவு 20 நிமிடம், குரல் குறிப்புகளை அப்படியே தட்டச்சு செய்தால் போதும். அடுத்த நாட்களில் 40 நிமிடமாக மூன்று அமர்வுகள்: எழுத்து, படம், திருத்தம். 800 சொல், 8 படம் ஒரு பதிவுக்குத் தாராளம். படங்களை 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, இடக் குறியீட்டை (படம் எடுத்த இடத்தைக் காட்டும் தகவலை) நீக்கிவிடுங்கள். வழித்தடக் கோப்பைப் பகிர்வதென்றால் வீட்டுப் பக்கம் 2 கி.மீ. வெட்டிவிடுங்கள். வெளியிடுவது எப்போதும் திரும்பிய பிறகுதான். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கு அறிவிக்க வேண்டாம்.

செய்திக்குறிப்பு எழுதிப் பழகிய கை இங்கே ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் செய்யும். முதல் பத்தியிலேயே எங்கே, எவ்வளவு தூரம், எந்த மாதம் என்று சொல்லிவிடும், அது நல்லது. ‘ஈடு இணையற்ற’, ‘மறக்க முடியாத’ என்று அடைமொழி அடுக்கும், அவற்றை வெட்டுங்கள். குழி விழுந்த 6 கி.மீ. சாலையையும், பனியில் எதுவுமே தெரியாமல் போன உச்சியையும் எழுதுங்கள். அந்த வரிதான் அடுத்து அங்கே போகிறவருக்குப் பயன்படும்.

படி 8: எப்போது எதை விடுவது

முந்தைய இரவு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தாலோ, கடந்த 24 மணி நேரத்தில் ஒரு நெருக்கடியைக் கையாண்டிருந்தாலோ பயணம் மாற்றுத் தேதிக்குப் போகட்டும். ஒப்படைப்புக் குறிப்பை வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால், மாற்றுத் தேதியிலும் முழுநாள் வேண்டாம். சிக்னல் விட்டுப்போகாத சாலையில் அரைநாள் போய் வாருங்கள். வேலை மும்முரமான மாதத்தில் பதிவை முழுசாகவே விட்டுவிடலாம். குரல் குறிப்புகளை மட்டும் தேதியோடு சேமித்து வைத்தால், அடுத்த மாதம் ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில் அதே சாலையை எழுதிக்கொள்ளலாம்.