ஜீப்பின் பாடியில் காப்புத் தகடு பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி என்று ஏலத்தோட்டங்களுக்குள் பிரியும் மண்பாதைகளில் ஓடும் ஜீப்புகளைக் கவனித்தால், அவற்றில் பலவற்றின் கதவுக்குக் கீழேயும் பின்சக்கரத்தை அடுத்த மூலைகளிலும் புடைப்புக் கோடு கொண்ட செக்கர் பிளேட் தகடுகள் அடிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் தினமும் ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலும், கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளிலும் இதே வழக்கம் உண்டு. பாதையோரப் பாறை உரசுவது, சக்கரம் எறியும் கல் படுவது, ஏறி இறங்குபவர்களின் கால் மிதிப்பது, மூட்டை இழுபடுவது ஆகிய அனைத்தையும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமே உள்ள பாடித் தகரம் தாங்க வேண்டியிருப்பதால், காப்புத் தகட்டின் தேவை உண்மையானதே. ஆனால் அதைப் பொருத்தும் முறை தவறினால், பாறை செய்திருக்கக்கூடிய சேதத்தைவிடப் பெரிய சேதத்தைத் தகடே செய்துவிடும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மெதுவாகச் செய்யும்.

தகட்டிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவில்லாமையே முதல் தவறு. பாடித் தகரத்தின் மேல் போல்ட் செய்யப்பட்ட தகடு கீறலையும் சிறு நசுங்கலையும் மட்டுமே தடுக்கும். வண்டியின் எடை முழுவதும் ஒரு பாறையின் மேல் அமரும் இடத்தில், தகட்டில் விழும் விசை அப்படியே பின்னால் இருக்கும் மெல்லிய தகரத்துக்குத்தான் போகிறது. தகடும் தகரமும் சேர்ந்தே உள்ளே மடங்கும். அத்தகைய பாதைகளில் ஓட்டுபவர்களுக்குத் தேவைப்படுவது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பிணைக்கப்பட்டு, பாடியைத் தொடாமல் நிற்கும் கனமான பக்கவாட்டுக் குழாய்ச் சட்டமாகும். தகட்டின் கனத்தைக் கூட்டி அந்த வேலையை வாங்கிவிடலாம் என்று நினைப்பதும் சரியன்று. 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 23.5 கிலோ எடையுள்ளது. அதே கனத்தில் அலுமினியம் 8 கிலோவுக்குச் சற்று மேல். ஒன்றரை மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தகட்டை இருபுறமும் பொருத்தினால், இரும்பில் 28 கிலோவும் அலுமினியத்தில் 10 கிலோவும் கூடும். அந்த எடை முழுவதையும் மெல்லிய தகரத்தில் இட்ட சில துளைகளே சுமக்கின்றன என்பதையும், மேடுபள்ளத்தில் வண்டி குதிக்கும் ஒவ்வொரு முறையும் அவை இழுபடுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

தகட்டின் பின்னால் நிற்கும் நீர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். இடுக்கிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை நீடிக்கிறது. அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை மலையின் இரு சரிவுகளையும் நனைக்கிறது. மழையில்லாத நாளிலும் மேட்டில் பனிமூட்டம் இருக்கும். இரு சரிவுகளிலும் ஏறி இறங்கும் வண்டி ஆண்டில் பாதிக்கு மேல் ஈரத்திலேயே ஓடுகிறது என்பதால், தட்டையான தகட்டைப் பாடியோடு ஒட்டி இறுக்கி அடித்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த நீரோடு மெல்லிய செம்மண்ணும் உள்ளே போகும். வெளிப்பரப்பு ஒரு மணி நேர வெயிலில் உலர்ந்துவிட, தகட்டின் பின்புறமோ பாடியின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தியது போல வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். வண்டி அதிரும்போது அந்த மண் உப்புக்காகிதத்தின் வேலையைச் செய்து பெயிண்டைத் தேய்க்கிறது. பெயிண்ட் தேய்ந்த இடத்தில் துரு தொடங்குகிறது.

இதைத் தடுக்க நினைப்பவர்கள் செய்யும் அடுத்த தவறு, தகட்டின் நான்கு பக்கமும் சிலிக்கான் பூசி அடைப்பது. போல்ட் துளை வழியாகவோ, அதிர்வில் விரிசல் கண்ட ஓரத்தின் வழியாகவோ நீர் எப்படியும் உள்ளே வந்துவிடும்; வந்த நீர் வெளியேற வழி இருக்காது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தெளிவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய வகை ஜீப்புகளைப் போலப் பாடியின் பக்கம் உண்மையிலேயே சமதளமாக இருந்தால், பிசுபிசுப்பான ரப்பர் நாடாவான பியூட்டைல் டேப்பையோ பாலியூரிதேன் சீலன்ட்டையோ முழுப் பரப்பிலும் இடைவெளியின்றி இட்டுத் தகட்டை அழுத்தலாம். பாடியில் வளைவோ மடிப்போ இருந்தால் அது நடவாது. அங்கே ஒவ்வொரு போல்ட்டிலும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் அல்லது நைலான் வாஷரை இடையில் கொடுத்து, தகட்டைப் பாடியிலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும். மேல் ஓரத்துக்கு மட்டும் ரப்பர் பீடிங் கொடுத்து, கீழ் ஓரத்தை முழுவதும் திறந்துவிட்டால், மேலிருந்து வழியும் நீர் உள்ளே புகாது; புகுந்ததும் கீழே வடிந்துவிடும்; சர்வீஸ் ஸ்டேஷனில் ஹோஸ் வைத்துப் பின்புறத்தைக் கழுவவும் முடியும். நம் பகுதி மழைக்கு இந்த இரண்டாவது முறையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. பஞ்சு போன்ற ஃபோம் டேப்பையோ ஃபெல்ட் துணியையோ இடையில் வைப்பது இரண்டிலும் சேராத மிக மோசமான வழி. அது நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

சீலன்ட் வாங்கும்போது அதன் நெடியையும் கவனிக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கான் வகை ஒன்று உறையும்போது காடி நெடி வீசும். அது அசெட்டிக் அமிலம் வெளிப்படுவதன் அடையாளம். கண்ணாடித் தொட்டிக்கு அது பொருந்தலாம், இரும்புக்குப் பொருந்தாது. அமிலம் வெளியிடாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் கவலையில்லை என்ற நம்பிக்கை

வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் ஈரமும் இருந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடுகிறது. இரண்டில் எளிதில் வினைபுரியும் உலோகம் கரைகிறது. அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் பொதுவாக அலுமினியமே முதலில் அரிக்கப்படும். வெள்ளைப் பொடியாக அது பொங்கும். பொங்கும் பொடி பாடியின் பெயிண்டை உரித்துத் தூக்கும். பிறகு இரும்புக்கும் ஈரம் எட்டும். எஸ்.எஸ். தகடும் இரும்புப் பாடியும் தொடும்போது நிலைமை தலைகீழாகிறது. எஸ்.எஸ். கெடுவதில்லை, பாடிதான் கெடுகிறது. இதில் பரப்பளவு முக்கியமானது: பெரிய எஸ்.எஸ். தகட்டின் பின்னால் பாடியின் பெயிண்டில் ஒரு சிறு கீறல் மட்டும் இருந்தால், அரிப்பு முழுவதும் அந்தக் கீறலில் குவிந்து, தகரத்தை விரைவாக ஓட்டையாக்கிவிடும். விலை கூடிய பொருளைப் போட்டோம் என்ற நிம்மதியில் யாரும் பின்னால் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால் சேதம் தாமதமாகவே தெரியவரும். எஸ்.எஸ். பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. எந்த இடத்திலும் பாடியைத் தொடாதபடி ரப்பர் வாஷரும், போல்ட்டின் கழுத்துக்கு நைலான் புஷ்ஷும் கொடுத்துப் பிரித்து வைக்க வேண்டும் என்றே சொல்கிறேன். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 ரகம் என்று முடிவு செய்வதும் தவறு. நிக்கல் குறைந்த 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் துருவை எதிர்க்கும் திறன் அதில் குறைவு.

இதே பரப்பளவுக் கணக்கு ரிவெட்டுகளுக்கும் பொருந்தும். பெரிய இரும்புப் பரப்பில் சின்ன அலுமினிய பாப் ரிவெட் அடித்தால், கரைவது ரிவெட். போதாக்குறைக்கு, சாதாரணப் பாப் ரிவெட்டின் நடுவில் சிக்கியிருக்கும் ஆணி இரும்பினால் ஆனது. அது துருப்பிடித்து, தகட்டின் முகத்தில் பழுப்புக் கண்ணீராக வழியும். ரிவெட்டின் இன்னொரு குறை, பின்புறத்தைப் பார்க்க வேண்டுமானால் அதை உடைத்தே எடுக்க வேண்டும் என்பது. கழற்ற முடியாத தகட்டை யாரும் கழற்றிப் பார்க்கமாட்டார்கள். ஆதலால் 6 மில்லிமீட்டர் போல்ட்டும், உட்புறத்தில் அகலமான வாஷரும், அதிர்வில் தளராத நைலாக் நட்டும் கொண்டு பொருத்துவதே முறை. உட்புறத்தில் கை எட்டாத இடங்களில் தகரத்திலேயே அமரும் ரிவெட் நட்டைப் பயன்படுத்தலாம். தகர ஸ்குரூ வேண்டாம். மெல்லிய தகரத்தில் அதன் பிடி விரைவில் தளரும், உள்ளே நீட்டும் அதன் கூர்முனை வயரையும் பின்சீட்டில் இருப்பவரின் காலையும் கிழிக்கும்.

துளையிடும் முன்னும் பின்னும்

டிரில்லை எடுப்பதற்கு முன் உள்பக்கத்தில் தரைவிரிப்பையும் டிரிம் எனப்படும் உட்புற உறையையும் கழற்றி, வயரிங், பிரேக் குழாய், டீசல் குழாய், டேங்க் ஆகியவை எங்கே போகின்றன என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அண்மைக்கால வண்டிகளில் ஏர்பேக்குக்கான சென்சார்களும் அவற்றின் வயர்களும் கதவு, நடுத்தூண் ஆகிய பகுதிகளில் இருக்கக்கூடும் என்பதால், அங்கே துளையிடாமல் இருப்பதே நல்லது.

துளையிட்டவுடன் போல்ட்டைச் செருகிவிடும் அவசரம் பட்டறைகளில் சாதாரணமாகக் காணப்படுவது. துளையின் விளிம்பில் வெற்று இரும்பு திறந்து கிடக்கிறது. அதை உருண்டை அரத்தால் மழித்து, எப்பாக்சி அல்லது துத்தநாகப் பிரைமர் தொட்டு, அது காய்ந்த பிறகு பெயிண்டும் கொடுத்த பின்பே போல்ட் ஏற வேண்டும். ரெட் ஆக்சைடு மட்டும் பூசி விட்டுவிடுவது போதாது. அது அடிப்பூச்சு மட்டுமே, மேலே பெயிண்ட் இல்லாவிட்டால் ஈரத்தை உள்ளே விடும். துளையிலிருந்து தெறித்த இரும்புத் தூளைக் காந்தத்தாலும் பிரஷ்ஷாலும் முழுவதும் அகற்ற வேண்டும். சில இரவுப் பனியிலேயே அந்தத் தூள் பாடி முழுவதும் பழுப்புப் புள்ளிகளாக மாறிவிடும். கிரைண்டர் வேலை இருந்தால் வண்டியிலிருந்து தள்ளி நின்று செய்ய வேண்டும், ஏனெனில் அதன் பொறி கண்ணாடியில் பதிந்தால் போகவே போகாது.

ஏற்கனவே துருப்பிடித்திருக்கும் இடத்தை மறைக்கத் தகடு அடிப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியை விற்பதற்காக இதைச் செய்வது வாங்குபவருக்கு இழைக்கும் துரோகம். தனக்காகவே செய்தாலும் பயனில்லை. துரு தகட்டின் பின்னால் நிற்காமல் பரவும், போல்ட் பிடிக்கவும் தகரம் இருக்காது. உளுத்த பகுதியை வெட்டி, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்த பிறகே தகட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். காப்புத் தகட்டையே பாடியோடு வெல்டிங் செய்வதும் கூடாது: வெப்பத்தில் உள்பக்கப் பெயிண்ட் கருகி, கை எட்டாத இடத்தில் துரு தொடங்கும்.

கதவின் அடியிலும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியிலும் நிறுவனம் விட்டிருக்கும் வடிகால் துளைகளைத் தகடு மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாக்கி வைக்கும் இடமும் திறந்திருக்க வேண்டும்; சரிவில் டயர் பஞ்சரான பிறகு அதை உணர்வதில் பயனில்லை. வெயிலில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும்: ஒன்றரை மீட்டர்த் தகட்டில் 40 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு முக்கால் மில்லிமீட்டரை நெருங்கும் இழுப்பு உண்டாவதால், நடுத்துளையை மட்டும் இறுக்கமாக வைத்து, மற்றவற்றைத் தகட்டில் நீள்துளைகளாக வெட்டுவது நல்லது. மூலையில் மடிக்க வேண்டிய தகட்டுக்கு 5052 அல்லது 3003 ரக அலுமினியம் கேட்க வேண்டும். 6061 டி6 கூர்மையாக மடித்தால் வெடிக்கும். வெட்டிய ஓரங்களையும் முனைகளையும் வட்டமாக உருட்டாமல் விட்டால், குறுகிய சந்தையில் வண்டியை ஒட்டி நடப்பவரின் காலைத்தான் அவை முதலில் பதம்பார்க்கும்.

சட்டத்தையும் புறக்கணிக்க முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பு நிறுவனம் குறித்தவற்றிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீட்டுக்கு வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அகலத்தையோ எடையையோ கூட்டும் தகட்டை அடிக்கும் முன் பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டி சோதனைச் சாவடியைத் தாண்டி நாள்தோறும் கேரளத்துக்குள் போகிறது என்றால், இது இன்னும் அவசியம்.

பொருத்திய முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ரப்பர் அமுங்கிப் படிந்திருக்கும். அதன்பின் ஆண்டுதோறும் மே மாதம் முடிவதற்குள், மழை இறங்கும் முன், தகட்டை முழுவதும் கழற்றி இருபுறமும் கழுவி உலர்த்த வேண்டும். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினியம் எங்கோ பாடியைத் தொடுகிறது, வாஷரை மாற்ற வேண்டும். பழுப்புக் கறை துளையில் மட்டும் இருந்தால் விளிம்பைச் சுரண்டி மீண்டும் பூச வேண்டும். துளையிலிருந்து விலகி, பெயிண்டுக்கு அடியில் கொப்புளமாகத் தெரிந்தால், அந்த இடத்தை டிங்கரிங் பட்டறையில் வெற்றுத் தகரம் வரை சுரண்டிப் பார்த்து, புதிதாகப் பூசி முடிக்கும் வரை தகட்டைத் திரும்ப மாட்டக் கூடாது.