இரண்டாம் பாதியிலும் துணிந்து பாடப் போக வைத்த மாற்றம்

கபடியில் நான் ரெய்டர்; எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவது என் வேலை. ஆண்கள் ஆட்டம் 20 நிமிடமாக இரண்டு பாதி. ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. முதல் பாதியில் துணிந்து பாடப் போவேன். இரண்டாம் பாதியில் தொடை கனத்துவிடும். கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும்போதே, "பிடித்துவிடுவார்கள்" என்று மனம் சொல்லும். கேப்டன் கைகாட்டினால் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

பயமென்றுதான் நினைத்தேன். கோளாறு பயிற்சி வரிசையில் இருந்தது. காலையில் 8 கிலோமீட்டர் ஓடிவிட்டு உடனே ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) போடுவேன். களைத்த காலோடு எடையைக் கூட்டவே முடியவில்லை. கடும் ஓட்டமும் பளுப் பயிற்சியும் சேரும்போது வலு கூடுவது தடைபடலாம் என்று உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்.

சரி என்று மாற்றினேன். திங்கள், வியாழன் காலை பளு, ஓட்டம் மாலையில். நெடுந்தூரம் வாரம் ஒருநாள் மட்டும். மற்றபடி 30 வினாடி விரைவோட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து தடவை. அப்புறம், தூக்கிய எடையை நோட்டில் எழுதிவந்தேன். 60 கிலோ ஸ்குவாட் ஐந்து மாதத்தில் 80 ஆனது. ஆட்டத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டுவேன்; "தைரியமாக இரு" என்று யார் சொன்னதைவிடவும் அதுதான் எனக்குப் பிடிமானம்.

போன மாதம், கடைசி மூன்று நிமிடம், ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கேப்டன் என் பக்கம் திரும்புவதற்குள் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தேன்.