டூ கன்ஸ் இடிபாடுகள்: கிராஃபிட்டியின் நிறம் வெளிறாமல் படமெடுக்க

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து வின்ஸ்லோ போகும் ஐ-40 சாலையில் 230ஆவது எக்ஸிட்டில் இருக்கிறது டூ கன்ஸ். ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலை வழியாகப் போன வண்டிகளை நம்பிப் பிழைத்த இடம். புதிய நெடுஞ்சாலை வந்ததும் நொடித்துப்போனது. 1985இல் ரூட் 66 அதிகாரபூர்வமாகவே கைவிடப்பட்டது. பாழடைந்த பெட்ரோல் பங்க், வறண்ட நீச்சல் குளம், பழைய விலங்குக் காட்சிசாலையின் கல் சுவர்கள் என்று எங்கு பார்த்தாலும் ஸ்ப்ரே பெயின்டில் வரைந்த கிராஃபிட்டி.

முதலில் செட்டிங். ரா ஃபார்மட் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் கோப்பு), எஃப்8 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ 100 (வெளிச்ச உணர்திறன்). லென்ஸ் 35 மி.மீ. ஒன்றே போதும், அங்கே அடிக்கிற புழுதிக் காற்றில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் தூசி படியும். காலையில் சீக்கிரம் போங்கள். சாய்வான வெயிலில்தான் கல்லின் சொரசொரப்பு தெரியும்.

அடுத்தது போலரைசர் ஃபில்டர், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டித் திருகும் கண்ணாடி. எனக்குப் பிடிபட நேரம் எடுத்தது இதுதான். பளபளக்கும் பெயின்டில் வானம் பிரதிபலிப்பதால் சிவப்பும் நீலமும் சாம்பல் பூத்தாற்போல வெளிறித் தெரியும். சுவருக்கு நேர் எதிரே நின்று ஃபில்டரைத் திருகினால் அந்தப் பளபளப்பு அசையாது. பக்கவாட்டில் நகர்ந்து, சுவருக்கும் லென்ஸின் பார்வைக்கும் இடையே சுமார் 35 டிகிரி வரும்படி நில்லுங்கள். இப்போது மெதுவாகத் திருகினால் ஓர் இடத்தில் பளபளப்பு மறைந்து, பெயின்ட் வழிந்த கோடு வரை தெரியும். பெயின்ட் படாத தகரத்தில் மட்டும் இது பலிக்காது. ஃபில்டர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் குடிக்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அதற்கேற்ப ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள். 24 மி.மீ.க்கும் அகலமான லென்ஸில் வானம் திட்டுத்திட்டாகிவிடும், வேண்டாம்.

அப்புறம் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்பைத் தனியாகப் பாருங்கள். வெயில் பட்ட சிவப்பு பெயின்ட்தான் முதலில் எரிந்துபோகும். வலது ஓரத்தில் முட்டினால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள். வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்க்கும் எச்டிஆர் எனக்குப் பிடிக்காது. நிழல்கள் எல்லாம் வெளுத்து, இடிபாடு நேற்றுக் கட்டியது போல ஆகிவிடும்.

பின்சேர்க்கை: போனில் எடுக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. சுவரின் வெளிச்சமான பகுதியை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை லாக் செய்து, கொஞ்சம் இறக்குங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் அதையே லென்ஸ் முன் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். உள்ளே வரக் கூடாது என்று பலகை இருந்தால் சாலையோரமாக நின்றே எடுங்கள். கற்குவியலில் கை வைக்கும் முன் பாம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.