தரையே அடுப்பாகும் வீடு: கொரியாவின் ஒண்டோலைப் பயன்படுத்துவது எப்படி?

சியோலில் எனக்கு அது முதல் குளிர்காலம். அறையில் ஹீட்டர் என்று எதுவும் கண்ணில் படவில்லை. சுவரில் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் இருந்தது. தரையையே சூடாக்கி அறையைச் சூடேற்றும் ஒண்டோல் என்ற கொரிய முறை அது என்று அப்போது எனக்குத் தெரியாது. அதை 24 டிகிரியில் வைத்தேன். அரை மணி நேரமாகியும் குளிர் விடவில்லை. 30க்கு ஏற்றிவிட்டுப் படுத்தேன். நள்ளிரவில் வியர்த்து விழித்தபோது தரை காலைச் சுட்டது. அந்த ஒரே இரவில் நான் செய்த தவற்றைப் புதிதாக வரும் நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: பழைய வீட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்

அந்தக் காலத்துக் கொரிய வீட்டில் சமையலறை சற்றுத் தாழ்வாக இருக்கும். அங்கே எரியும் அடுப்பின் அனலும் புகையும் பக்கத்து அறையின் தரைக்கடியில் உள்ள கால்வாய்கள் வழியே ஓடி, மறுகோடியில் புகைபோக்கி வழியாக வெளியேறும். கால்வாய்களின்மேல் பலகைக்கற்கள், அவற்றின்மேல் மண்பூச்சு, அதற்கும் மேலே எண்ணெய் ஊறிய காகிதம். கல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு விடியும்வரை மெல்ல மெல்ல வெளிவிடும். அடுப்புக்கு நெருக்கமான மூலைதான் அறையிலேயே இதமான இடம். அது வீட்டுப் பெரியவர்களுக்கு உரியது. வேலை முடிந்து நேரங்கழித்து வருகிறவருக்கான சோற்றுக் கிண்ணத்தையும் மூடி, போர்வைக்கடியில் அங்கேதான் வைப்பார்கள். சோறு ஆறாமல் காத்திருக்கும்.

படி 2: புகைக்குப் பதில் தண்ணீர்

இன்றைய அடுக்குமாடி வீட்டிலும் வேலை அதேதான். எரிவாயு பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அதைத் தரைக்குள் வளைந்து வளைந்து பதிந்திருக்கும் பிளாஸ்டிக் குழாய்களில் ஓடவிடும். சூட்டைத் தரைக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாய்லருக்கே திரும்பும். குழாய்க்கு மேலே சிமெண்ட் பூச்சு. கீழே வெப்பம் இறங்கிவிடாமல் தடுக்கும் காப்பு அடுக்கு.

தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை. தரை முழுவதுமே சூடு தருவதால் மேற்பரப்பு 25 முதல் 29 டிகிரி வரை இருந்தாலே போதும். அந்தச் சூட்டில் ஏறத்தாழப் பாதி கதிர்வீச்சாக நேரே உடலையும் சுவரையும் வந்து சேரும். வெயிலில் நிற்கும்போது உணர்கிறோமே, அதே வகை.

படி 3: சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் பாருங்கள்

பெரும்பாலும் அங்கேதான் தண்ணீரை அறைவாரியாகப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு வால்வு. கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. ஓர் அறை மட்டும் குளிர்ந்தே கிடந்தால் முதலில் இதைப் பாருங்கள். திறந்திருந்தும் சூடேறவில்லையா? குழாய்க்குள் காற்று அடைத்திருக்கலாம். அதை எடுக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

படி 4: பொறுமையாக இருங்கள்

இதுதான் முக்கியமான படி. 5 செ.மீ. தடிமனுள்ள சிமெண்ட் பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ எடை வரும். அத்தனை எடையும் சூடேறினால்தான் அறை சூடேறும். அதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், ஆறுவதற்கும் அப்படித்தான். மின்விசிறியைப் போலப் போட்டு அணைத்துப் பயனில்லை. 20 அல்லது 21 டிகிரியில் வைத்துவிட்டு ஒரு நாள் தொடாதீர்கள். பிறகு ஒரு டிகிரி கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

படி 5: தரையை மூச்சுவிட விடுங்கள்

கனமான கம்பளமும் தடித்த மெத்தையும் சூட்டை அடியிலேயே அடைத்துவிடும். கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் அதிகச் சூட்டில் உள்ள வெறுந்தரையில் நெடுநேரம் படுக்க வைக்காதீர்கள். சுடுவதாகத் தெரியாமலேயே தோல் வெந்துவிடக்கூடும்.

படி 6: ஊருக்குப் போகும்போது

பாய்லரின் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் போகாதீர்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் "வெளியே செல்கிறேன்" என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். எரிவாயுவையும் மூட வேண்டாம். உறைபனி நாட்களில் பாய்லர் அவ்வப்போது தானே இயங்கித் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ள இரண்டும் தேவை. புறப்படும் முன் பாய்லரின் புகைக்குழாய் இணைப்பு விலகாமல் இருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் விளக்கு எரிகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.