முழுக் கிளவுடா, ஹைபிரிடா: கோடு எங்கே போடுவது?

ஜாங்கோவும் (பைதான் வெப் ஃபிரேம்வொர்க்) போஸ்ட்கிரஸும் (டேட்டாபேஸ்) வைத்து எழுதிய பில்லிங், ஸ்டாக் மென்பொருள் உங்களிடம் இருக்கிறது. அதை முழுக்கக் கிளவுடில் ஏற்றுவதா, பாதியை அலுவலக சர்வரிலேயே வைப்பதா? ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்துக்கு இதைச் செய்து முடித்த சூட்டோடு எழுதுகிறேன். லினக்ஸ் சர்வரில் வேலை செய்யத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அலுவலகத்தை விட்டு நகரவே முடியாதது எது?

எடை மெஷின், பார்கோடு பிரிண்டர், நெட் போனாலும் பில் போட வேண்டிய கவுன்ட்டர். அவ்வளவுதான். "சட்டப்படி தரவு நம்மிடமே இருக்கணும்" என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டம் என்று கேளுங்கள். பேமென்ட் நிறுவனங்களுக்கு 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுகூடத் தரவை இந்தியாவுக்குள் வைக்கத்தான் சொல்கிறது, உங்கள் அறைக்குள் அல்ல. அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் ரீஜியன் (டேட்டா சென்டர் தொகுதி) உண்டு.

படி 2: தூரத்தை அளந்து பாருங்கள்

இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். பலர் அப்ளிகேஷனைக் கிளவுடில் ஏற்றிவிட்டு, டேட்டாபேஸை அலுவலகத்தில் வைக்கிறார்கள். கிளவுட் சர்வரிலிருந்து பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரஸின் கமாண்ட் லைன் கருவி) வழியாக அலுவலக டேட்டாபேஸுக்குள் போய், டைமிங்கை ஆன் செய்து 'செலக்ட் 1' ஓட்டுங்கள். 20 மில்லி செகண்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஸ்டாக் பக்கம் ஒன்றைத் திறக்க ஜாங்கோ 150 குவெரி அனுப்பினால், 3 செகண்ட் பயணத்திலேயே போய்விடும். ரேம் கூட்டினாலும் இது குறையாது. தொடர்புள்ள டேபிள்களை ஒரே குவெரியில் எடுக்கும் செலக்ட் ரிலேட்டட் போட்டுக் குவெரிகளைக் குறைக்கலாம், ஆனால் எல்லாப் பக்கத்தையும் அப்படித் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

அதனால் அப்ளிகேஷனும் அதன் டேட்டாபேஸும் எப்போதும் ஒரே பக்கம். நெட் இல்லாமல் பில் ஓட வேண்டுமென்றால் இரண்டும் அலுவலகத்தில் இருக்கட்டும். ரிப்போர்ட்டுக்கு ஒரு ரெப்ளிகாவும் (டேட்டாபேஸின் தானாகப் புதுப்பிக்கப்படும் நகல்) பேக்கப்பும் கிளவுடில் போதும். அந்தக் கட்டாயம் இல்லையா? முழுக் கிளவுடுக்குப் போய்விடுங்கள். பிரிண்டருக்கு மட்டும் ஒரு சின்ன ஏஜென்ட் (இடைத்தரகு புரோகிராம்) அலுவலகத்தில் ஓடட்டும்.

படி 3: இணைப்பு

ஹைபிரிட் என்றால் அலுவலகத்தையும் கிளவுடையும் இணைக்க ஒரு விபிஎன் டனல் (பாதுகாப்பான இணைப்பு) வேண்டும். நான் வயர்கார்டுதான் போடுவேன். ஓப்பன்விபிஎன்னைவிட அமைப்பது எளிது. அலுவலக நெட்வொர்க் 192.168.1.0/24 என்றால், விபிசிக்கு (கிளவுடில் உங்களுக்கான தனி நெட்வொர்க்) 192.168.0.0/16 கொடுக்காதீர்கள். அலுவலக முகவரிகளும் அதற்குள் அடங்கிவிடும். ஹேண்ட்ஷேக் (டனலின் இரு முனைகளும் கைகுலுக்குவது) சரியாக நடக்கும், பிங் மட்டும் போகாது. கிளவுடில் இருக்கும் 192.168.1.20-ஐ அலுவலகக் கம்ப்யூட்டர் பக்கத்து மேஜையில் இருப்பதாக நினைத்துத் தன் நெட்வொர்க்கிலேயே தேடும். விபிசியின் முதன்மை முகவரி வரம்பைப் பிறகு மாற்றவும் முடியாது. 10.40.0.0/16 மாதிரி ஒன்றை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: கிளவுடிலிருந்து அலுவலகத்துக்கு டனல் கிடைக்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ரவுட்டரின் வேன் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறதா பாருங்கள். அப்படியென்றால் உங்களுக்குத் தனிப் பொது ஐபி இல்லை. வெளியிலிருந்து யாரும் உள்ளே கூப்பிட முடியாது. அலுவலகப் பக்கம்தான் இணைப்பைத் தொடங்க வேண்டும். அங்கே பெர்சிஸ்டன்ட் கீப்அலைவை (இணைப்பு உயிரோடிருக்க இடைவெளி விட்டு அனுப்பும் பாக்கெட்) 25 செகண்ட் என்று வையுங்கள், டனல் அறுந்துபோகாமல் இருக்கும்.